காலு உங்களுக்கு, கை எனக்கு

அவர் பெயரை ஒரு தடவை சொல்லக் கூடாத இடத்தில், சொல்லக் கூடாத விதத்தில் சொல்லிவிட்டேன். இனிமேல் என் வாயால் அந்தப் பெயர் வேண்டாம். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். திருவனந்தபுரத்து மைதானங்களில் வெயில் காய்ந்தவர்களுக்கு ஆளைத் தெரிந்துவிடும். தெரிந்தால் தெரியட்டும், கூடவே என்னையும் தெரிந்துகொள்ளட்டும்.

அவருக்குத் தம்பானூரில் ஒரு லாட்ஜின் துணி அறையில் வேலை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் சலவைக்குக் கொடுத்து வாங்குவார், கிழிந்ததைத் தைப்பார், மடித்து அடுக்குவார். சனி ஞாயிறுகளில் கால்பந்து ரெஃபரி. நான் கரமனை அக்ரஹாரத்துப் பையன், சர்க்கார் ஆபீஸில் கிளார்க். சனி ஞாயிறுகளில் அவருக்குக் கொடி பிடிக்கிற லைன்ஸ்மேன். என்னைவிடப் பத்து வயது பெரியவர். இருந்தும் என்னை 'சாமி' என்பார், 'நீங்க' என்பார். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று ஒரு தரம் சொன்னேன். அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நானும் இரண்டாம் தரம் சொல்லவில்லை, காதுக்கு இதமாகத்தானே இருந்தது.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் த்ரோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பந்து பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டி வெளியே போனால், அதைக் கடைசியாகத் தொட்டவனுடைய எதிர் டீம்காரன் கோட்டருகே நின்று கையால் உள்ளே எறிய வேண்டும், அதுதான் த்ரோ. பார்த்தால் உப்புப் பெறாத சமாசாரம். ஆனால் எறிகிற நேரத்தில் இரண்டு பாதமும் கொஞ்சமாவது தரையில் பட்டிருக்க வேண்டும், கோட்டின் மேலோ கோட்டுக்கு வெளியிலோ. பந்தை இரண்டு கையாலும் பிடித்து, தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாகக் கொண்டுவந்து விட வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் ஃபவுல் த்ரோ, எறிகிற உரிமை எதிர் டீமுக்குப் போய்விடும். கை மேலே இருக்கிறது, கால் கீழே இருக்கிறது. ஒரே ஆள் ஒரே நொடியில் இரண்டையும் பார்க்க முடியாது, பார்க்கிறேன் என்பவன் புளுகுகிறான். அதனால் எங்கள் தொழிலில் ஒரு ஏற்பாடு உண்டு. கோட்டருகே கொடியோடு நிற்கிற லைன்ஸ்மேன் காலைப் பார்ப்பான். உள்ளே நிற்கிற ரெஃபரி கையைப் பார்ப்பார்.

எல்லா ரெஃபரியும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் எல்லாரும் ஒரு ஓரக்கண்ணைக் காலுக்கும் விட்டுவைப்பார்கள். அண்ணாச்சி விடமாட்டார். ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால், பத்து வருஷமாகக் கூட நிற்கிறவனிடமும், முதல் நாள் போலச் சொல்லுவார்.

"காலு உங்களுக்கு, கை எனக்கு. மாத்திப் பாக்கப்பிடாது, கேட்டீங்களா?"

"கேட்டாச்சு அண்ணாச்சி."

"நீங்க கொடி தூக்குனா நான் ஊதுவேன். தூக்கலைன்னா காலு சரி. அப்புறம் எங்கிட்ட யாரு வந்து கத்துனாலும் காரியமில்ல."

கத்துவார்கள். விளையாடுகிற பையன்கள் அவருக்கு அரைக்கண்ணன் என்று பெயர் வைத்திருந்தார்கள். 'ரெஃபரீ, காலு பொக்கி' என்று கோட்டோரம் நிற்கிற ஊரே சத்தம் போடும், கால் தூக்கிவிட்டான் என்று. அண்ணாச்சியின் முகம் எறிகிறவனுடைய கையைவிட்டு அரை அங்குலம் கீழே இறங்காது. என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். கொடி கீழே இருந்தால் ஆட்டம் நடக்கும்.

இது மைதானத்தோடு நின்றிருந்தால் தொழில் சுத்தம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். மனுஷனுக்கு எல்லாவற்றிலும் இதே கதைதான். ஒரு நாள் மேட்சுக்குக் கிளம்ப அவரைக் கூப்பிடப் போனேன். துணி அறையில் கூட வேலை செய்கிறவர் வரவில்லை. டபுள் காட் விரிப்புகள் மலை மாதிரி குவிந்து கிடந்தன. ஒரு முனையை என் கையில் கொடுத்தார். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு இரண்டு மூலை. நான் என் மூலையை விட்டுவிட்டு அவர் மூலை நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். என் பக்கம் கோணிக்கொண்டது.

"சாமி, உங்க முனைய நீங்க பாருங்க. எம் முனைய நான் பாத்துக்கிடுதேன். ரெண்டு பேரும் ரெண்டையும் பாத்தா விரிப்பு தரையிலதான் கெடக்கும்."

என் முனையைப் பார்த்தேன். அன்றைக்கு முப்பது விரிப்பு மடித்தோம், ஒன்றுகூட கோணவில்லை.

என் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வருவார். பின்னால் உட்கார்ந்தால் ரோட்டைப் பார்க்கவே மாட்டார். கடை போர்டுகளைப் படித்துக்கொண்டு வருவார், தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டு வருவார், சில நாள் தூங்கியே போவார். கரமனைப் பாலம் தாண்டி ஒரு நாள் ஒரு குழிக்குள் வண்டியை இறக்கினேன். இரண்டு பேரும் விழுந்தோம். அவர் முழங்கையில் தோல் போய்விட்டது. எனக்குக் கோபம் தாங்கவில்லை, நம் தப்பு என்றால் கோபம் ஜாஸ்தியாகத்தான் வரும்.

"பின்னால உக்காந்துண்டு குழி வரதுன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா அண்ணாச்சி?"

"முன்னால உள்ளது உங்க பார்வையில்லா? நான் அதுல நுழைஞ்சா நீங்க எப்படி ஓட்டுவீங்க?" என்று முழங்கையை ஊதிக்கொண்டே வண்டியை நிமிர்த்தினார். "சாரமில்ல சாமி. ஓட்டுங்க."

'சாரமில்ல' என்பது இந்த ஊரில் எல்லாருடைய வாயிலும் வருகிற வார்த்தை, பரவாயில்லை என்று அர்த்தம். மற்றவர்கள் மரியாதைக்குச் சொல்லுவார்கள், இவர் சொன்னால் நிஜமாகவே விஷயம் முடிந்துவிட்டது என்று பொருள். அப்புறமும் பின்னால் உட்கார்ந்து போர்டு படித்துக்கொண்டுதான் வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அம்மா எனக்குத் தட்டு வைத்தாள், அவருக்கு வாழையிலை போட்டாள். அண்ணாச்சி அதைப் பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டு, 'எனக்காக இலையெல்லாம் எதுக்கும்மா' என்று கூச்சப்பட்டார். அது மரியாதை இல்லை. அவர் சாப்பிட்ட தட்டை அம்மா கழுவ வேண்டாம், அவ்வளவுதான். அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் என் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். இப்போது யோசித்தால் என் அல்பத்தனம் அந்த இலையிலேயே ஆரம்பித்துவிட்டது என்று படுகிறது.

அம்மா சாம்பார் விட்டாள். அவர் போதும் என்று சொல்லவில்லை. சாதம் போட்டாள், சொல்லவில்லை. மறுபடி போட்டாள். மூன்றாவது தடவை கரண்டியோடு நின்று அம்மாவே கேட்டாள்.

"போறும்னு சொல்லலாமே? கூச்சப்படாதீங்கோ."

"போடுறது நீங்களில்லாம்மா. எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியும். இலையில விழுந்ததக் காலி பண்ணுறது எங்காரியம்."

அத்தனையையும் காலி பண்ணினார். எழுந்திருக்கவே சிரமப்பட்டார். அவர் போன பிறகு அம்மா சாம்பார்ப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். அப்புறம், "அந்த மனுஷனை யாராவது ஏமாத்திடப்போறாடா" என்றாள். வேறு யாரையோ பற்றிப் பேசுகிறாள் என்று நினைத்துத் தலையை ஆட்டினேன்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு தரம் கேட்டேன். போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவர். அங்கே தொழிலாளிகள் குடியிருக்கிற லயத்துக்குக் கீழே ஒரு சரிவான மைதானம், ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். மத்தியானத்துக்கு மேல் மஞ்சு இறங்கிவிடும். மலைப்பனி மாதிரிதான், பள்ளத்தில் ஆள் உயரத்துக்குத் தேங்கி நிற்கும். மேட்டில் ஒருவர், பள்ளத்தில் ஒருவர் நின்று ஆட்டத்தை நடத்துவார்கள். மேட்டில் நிற்கிறவருக்குப் பள்ளத்தில் எறிகிறவனுடைய தூக்கின கையும் பந்தும் தெரியும், காலை மஞ்சு மூடியிருக்கும்.

"கீழேருந்து 'காலு சரி'ன்னு ஒரு சத்தம் வரும். ஆளே தெரியாது, சத்தந்தான். நம்பித்தான் ஆகணும் சாமி. நம்பலைன்னா ஆட்டமே கெடையாதுல்லா?"

"பொய் சொன்னா?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அவனுக்கு அதுல என்ன லாபம்?" என்றார். பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி அது. பின்னால் நானே பதிலாக ஆனேன்.

இது நடந்து பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு டோர்னமெண்ட், இறுதி ஆட்டம். அண்ணாச்சிக்கு அது வெறும் இறுதி ஆட்டமில்லை. மேல் கிரேடுக்கு அவர் பெயர் போயிருந்தது. அது கிடைத்தால் பெரிய ஸ்டேடியத்தில் விளக்கு வெளிச்சத்தில் ஊதலாம். கிரேடுக்கு வயது வரம்பு உண்டு, அவருக்கு அதுதான் கடைசி வருஷம். அந்த ஆட்டத்தைப் பார்த்து மார்க் போட ஒருவர் குறிப்புத் தாளோடு வந்து உட்கார்ந்திருந்தார். அதே பட்டியலில் என் பெயரும் இருந்தது. எனக்கு வயது நிறைய மிச்சம் இருந்தது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலைமை.

முந்தின வாரம் துணி அறைத் தையல் மிஷினில் தன் ரெஃபரி சட்டைப் பாக்கெட்டில் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். புது பாட்ஜ் வந்தால் அதில் ஒட்டிக்கொள்ளலாம்.

"இப்பவே தச்சாச்சா அண்ணாச்சி?"

"வந்ததுக்கப்புறம் தச்சா கை நடுங்கும்," என்று சிரித்தார். பட்டையை இரண்டு தடவை ஒட்டி, பிய்த்து, சத்தம் கேட்டுக்கொண்டார்.

அன்றைக்கு இன்னொரு பக்கத்துக் கொடி பிடிக்கிறவர் பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்தார். அதனால் ஆட்டத்துக்கு முன் அண்ணாச்சி சொன்ன வார்த்தைகளைக் கேட்டது நான் ஒருத்தன்தான். எப்போதும் சொல்கிற அதே வார்த்தைகள். கால் எனக்கு, கை அவருக்கு.

ஆடினது சிவப்புச் சட்டையும் மஞ்சள் சட்டையும். சிவப்பில் ஒரு பையன் இருந்தான், கரையில் நின்று வலை இழுத்து உரம் ஏறின தோள். அவன் எறிந்தால் த்ரோ கோல் வாசலில் போய் விழும், கார்னர் கிக்குக்குச் சமம். அப்படி முழு உடம்பையும் போட்டு எறிகிறவனுக்குப் பின்கால் தரையை விட்டு எழப் பார்க்கும். கட்டைவிரல் நுனி மண்ணில் இழுபட்டால் பாதகமில்லை, நுனியும் எழுந்தால் ஃபவுல். பந்து கையை விட்டுப் போன பிறகு எழுந்தாலும் குற்றமில்லை. எப்போது எழுந்தது என்பதுதான் கேள்வி, அதைப் பார்க்கத்தான் என்னை அங்கே நிறுத்தியிருந்தார்கள். எண்பது நிமிஷம் ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டு தரம் கொடி தூக்கினேன், இரண்டு தரமும் அண்ணாச்சி என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஊதினார்.

ஆட்டம் முடிய நாலைந்து நிமிஷம் இருக்கும், யாரும் கோல் போடவில்லை. சிவப்புக்கு என் பக்கத்தில் த்ரோ. அந்தப் பையன் பந்தைச் சட்டையில் துடைத்தான். அப்போது எனக்குப் பின்னால், பந்தலில் இருந்து யாரோ "சாமியே" என்று கூப்பிட்டார்கள். என் ஆபீஸ் சூப்பரண்ட். பரிசு கொடுக்க அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், எனக்குத் தெரியாது. மேட்சுக்கு லீவு கேட்கும்போதெல்லாம் 'இந்த வயசில் பந்துகளியா', பந்து விளையாட்டா என்று நாலு பேர் முன்னால் என்னை இளிக்க வைக்கிறவர். இப்போது நான் யூனிஃபாரத்தில், கையில் கொடியோடு, ஆயிரம் பேர் நடுவில் நிற்கிறேன். அவர் பார்க்கிறார். கை ஆட்டுகிறார். நான் திரும்பிப் பார்த்தேன். பல்லைக் காட்டிச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் இருந்திருக்கும், ஒரு நொடி. திரும்பும்போது பந்து ஆகாயத்தில் இருந்தது. பையனுடைய வலதுகால் தரைக்கு வந்துகொண்டிருந்தது. வந்துகொண்டிருந்தது என்றால் எங்கேயோ போயிருந்தது என்றுதானே அர்த்தம். எப்போது போனது, எனக்குத் தெரியாது. கோல் வாசலில் ஒருவன் தலையால் முட்டினான், பந்து வலைக்குள் போனது.

கோல் விழுந்ததும் லைன்ஸ்மேன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எல்லாம் சரியாக இருந்தால் நடுக்கோட்டைப் பார்த்து ஓட வேண்டும். ஏதாவது சந்தேகம் இருந்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், ரெஃபரி வந்து கேட்பார். வாயைத் திறக்கவே வேண்டாம், நின்றாலே போதும். நான் ஓடினேன். கொடியைக் கீழே பிடித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு, சூப்பரண்ட் பார்க்க ஓடினேன்.

மஞ்சள் சட்டைகள் மொத்தமும் அண்ணாச்சியை மொய்த்தன. அவர் அவர்களை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"காலு?"

அந்த ஒரு வார்த்தைதான். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். பார்க்கவில்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அதைச் சொன்னால், எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று அடுத்த கேள்வி வரும். மார்க் போடுகிறவர் தாளோடு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டும் தரையில அண்ணாச்சி."

தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். நடுக்கோட்டைக் காட்டி ஊதினார். ஒரு மஞ்சள் சட்டைப் பையன் அழுதுகொண்டே வந்து மண்ணில் கால் தடத்தைக் காட்டினான். அண்ணாச்சி தடத்தைப் பார்க்கவில்லை. "லைன்ஸ்மேன் கண்டு" என்று மட்டும் சொன்னார், லைன்ஸ்மேன் பார்த்தார் என்று.

மறுநாள் காலைக்குள், யாரோ போனில் எடுத்த வீடியோ ஊரெல்லாம் போய்விட்டது. எறிகிற நேரத்தில் கால் மண்ணுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் இருந்தது, கண் தெரியாதவனுக்கும் தெரியும். படத்தின் ஓரத்தில் என் கையும் கொடியும் மட்டும் விழுந்திருந்தன. முகம் இல்லை. எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் தெரியுமா, என் முகம் எங்கேயாவது விழுந்திருக்கிறதா என்று. இல்லை என்று உறுதியானதும் காபி குடித்தேன்.

நாலாம் நாள் ரெஃபரி சங்கத்தில் கூப்பிட்டார்கள். ஒரு சின்ன அறை, மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர். நீ பக்கத்தில்தானே நின்றாய், ஏன் கொடி தூக்கவில்லை என்று முதலில் என்னைத்தான் கேட்டார்கள். சூப்பரண்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று யாராவது சொல்லுவார்களா? நான் இதைச் சொன்னேன், வாய் கூசாமல், நல்ல ஆபீஸ் மலையாளத்தில், அவர் முழுப் பெயரையும் சொல்லி: கோல் பக்கத்தில் வருகிற த்ரோக்களில் காலையும் கையையும் தானே பார்த்துக்கொள்வதாக, ஆட்டத்துக்கு முன் ரெஃபரி எனக்குச் சொல்லியிருந்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பொய். ஒரு கேள்வியில் உடைந்திருக்கும். ஆனால் சொன்னவன் சர்க்கார் உத்தியோகஸ்தன், அக்ரஹாரத்துக்காரன். பக்கத்தில் நின்றது லாட்ஜில் துணி மடிக்கிற எஸ்டேட் ஆள். மூன்று பேரும் என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்கள்.

"நிங்கள் அங்ஙனெ பறஞ்ஞோ?" நீங்கள் அப்படிச் சொன்னீர்களா?

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். மைதானத்தில் கொடி எங்கே இருக்கிறது என்று பார்ப்பாரே, அதே பார்வை. நான் மேஜையைப் பார்த்தேன்.

"சாமி பறஞ்ஞால் சரியாயிரிக்கும்," என்றார். சாமி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அவ்வளவுதான். எழுதிக்கொண்டார்கள். இன்றைக்கு வரை எனக்கு விளங்காதது இதுதான். நான் சொன்னது பொய் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும், அவர் வாயிலிருந்து வராத வார்த்தை ஆயிற்றே. தெரிந்தும் ஏன் அப்படிச் சொன்னார்? கொடிக்காரன் சொன்னதை ரெஃபரி மறுத்தால் அப்புறம் ஆட்டமே கிடையாது என்று நினைத்தாரா? இல்லை, சொல்வது என் பாதி, அதில் நுழையக்கூடாது என்றா? நான் வெட்கத்தில் செத்திருக்க வேண்டும். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு வந்தது நிம்மதி. அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமே இல்லை.

வெளியே வந்து வண்டியை எடுத்தேன். பின்சீட்டைக் கையால் தட்டித் தூசி போக்கினேன், அதுவரை அப்படிச் செய்ததே இல்லை.

"நான் பஸ்ல போய்க்கிடுதேன் சாமி," என்றார்.

அவருக்கு மேல் கிரேடு வரவில்லை, வயதும் முடிந்தது. எனக்கு வந்தது. கிடைத்த பாட்ஜைச் சட்டையில் ஒட்டும்போது அந்தப் பட்டை எழுப்புகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்காமலிருக்க நான் பாட்ஜைக் குத்திக்கொள்ள ஊக்கு வைத்தேன். யாராவது கேட்டால் இதுதான் வசதி என்பேன்.

அதற்கப்புறம் தம்பானூர் வழியாகப் போவதை நிறுத்தினேன். ஆபீஸுக்கு ஒரு மைல் சுற்றிப் போனேன். ஒரு நாள் சாலைக் கடைத்தெருவில் எதிரே வந்தார், கையில் நூல்கண்டுப் பொட்டலம். நான் சட்டென்று ஒரு பழக்கடையில் தொங்கிய வாழைக்குலைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நாற்பது வயதுக்காரன், மேல் கிரேடு ரெஃபரி. கடைக்காரன் எத்தனை கிலோ என்று கேட்டான். அவர் தாண்டிப் போகும்வரை விலை கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு தரம், அந்த மனுஷன் ஏன் இப்போது வருவதில்லை என்று கேட்டாள். வேலை ஜாஸ்தி என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், கேள்விக்கு விடை அவளுக்கு முன்பே தெரியும் என்று பட்டது.

போன மாதம் ஒரு பள்ளிக்கூட மேட்சுக்குப் போக வேண்டி வந்தது. இப்போது குறிப்புத் தாளோடு உட்கார்ந்து மார்க் போடுகிறவன் நான்தான். வலியதுறைப் பக்கம் கடலோர மைதானம். ஊத வேண்டிய ரெஃபரிக்குக் காய்ச்சல், பதிலுக்கு யாரையோ அழைத்து வந்திருக்கிறார்கள் என்றார்கள். அண்ணாச்சி உள்ளே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது, ஓட்டம் குறைந்திருந்தது. சட்டை அதேதான். பாக்கெட்டில் அந்தப் பட்டை இருந்தது, மேலே ஒன்றும் இல்லை. வாழைக்குலை எதுவும் பக்கத்தில் இல்லை, உட்கார்ந்திருந்தேன்.

முதல் த்ரோ வந்தது. கோட்டருகே ஒரு பையன் கொடியோடு, பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணாச்சியின் தலை குனிந்தது. எறிகிறவனுடைய காலைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து கையைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். முதலில் எனக்குப் புரியவில்லை, கழுத்தில் ஏதோ வலி என்று நினைத்தேன். அடுத்த த்ரோவிலும் அப்படியே. மூன்றாவதில் எறிந்தவன் ஒரு கையால் பந்தை வீசினான், சின்னக் குழந்தைக்கும் தெரிகிற ஃபவுல். அண்ணாச்சி காலைப் பார்த்துவிட்டுக் கைக்கு வருவதற்குள் கை முடிந்திருந்தது. ஊதவில்லை. பையன்கள் கெக்கலித்துச் சிரித்தார்கள்.

ஜன்மத்தில் ஒரு தடவைகூட அடுத்தவன் பாதியைப் பார்க்காத மனுஷன். கையில் அவரை ஏமாற்ற ஒருத்தனாலும் முடியாது என்று பெயர் எடுத்தவர். கிரேடை நான் கெடுத்தேன் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இதையும் கெடுத்தேன் என்பது எனக்குத் தெரியாது. என் தாளில் த்ரோ தீர்ப்புக்கு என்று ஒரு கட்டம் உண்டு, அதைக் காலியாக விட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் நேராகப் போய் எதிரே நின்றேன்.

"அண்ணாச்சி."

"சாமியா?" முகம் மலர்ந்துதான் போனது, அதை என்ன சொல்ல. "தடிச்சுப் போயிட்டீங்க. அம்மா சுகமா இருக்காங்களா?"

"இருக்கா. தம்பானூர்தானே? வாங்கோ, நான் கொண்டு விடறேன்."

கடலைப் பார்த்தார், பஸ் ஸ்டாப்பைப் பார்த்தார். பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை, வண்டி ஓட்டிக்கொண்டே சொல்வது எனக்கு ஏற்ற இடம்தான். ஈஞ்சக்கல் தாண்டி நெரிசல் குறைந்தது.

"அண்ணாச்சி, அன்னிக்கு நான் காலைப் பாக்கவே இல்லை. பந்தல்ல எங்க சூப்பரண்டு..."

"சாமி, வலது பக்கம் குழி."

சட்டென்று ஒடித்தேன். ஆழமான குழிதான், நான் பார்த்திருக்கவில்லை. வண்டி தள்ளாடி நேரானது. இத்தனை வருஷத்தில் அவர் எனக்கு ஒரு குழியைக்கூடக் காட்டியதில்லை.

கண்ணாடியில் பார்த்தேன். கடை போர்டு எதையும் அவர் படிக்கவில்லை. என் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி, ஒரு கையால் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பானூர் வரும்வரை பார்த்துக்கொண்டேதான் வந்தார்.